கூப்பர் வீட்டார்

1

எங்கள் கலியாண நாளுக்கு, ஷார்ஜாவில் ஏரிக்கரையோரம் இருக்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில் மகன் மேசை பிடித்து வைத்திருந்தான். மத்தியானச் சாப்பாடு. வாசலில் நின்ற பிலிப்பைன்ஸ் பிள்ளை கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்து, "கூப்பர், மூன்று பேர்" என்று ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, எங்களைத் தாண்டி எங்களுக்குப் பின்னால் பார்த்தது. பின்னால் ஒருவரும் இல்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்த கார் தரிப்பிடம்தான் இருந்தது. பிறகு மிகவும் மரியாதையாக எங்களிடமே கேட்டது, கூப்பர் குடும்பம் பின்னால் வருகிறதா என்று.

இவர், அதாவது என் கணவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர் அப்படித்தான் உயர்த்துகிறார். வங்கியில், ஆஸ்பத்திரியில், விமான நிலையத்தில், எங்கே அந்தப் பேரைக் கூப்பிட்டாலும் முகம் மலர்ந்துவிடும். பேரைக் கூப்பிட்டவர் இவருடைய கறுத்த முகத்தையும் மீசையையும் கண்டு ஒரு கணம் தடுமாறுவார். இவருக்கு அது பெரிய பகிடி. மகனுக்கு அது பகிடி இல்லை. அன்றும் அவன் கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி உள்ளே போனான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பறங்கியரும் இல்லை, கலப்பும் இல்லை. இவர் யாழ்ப்பாணம், நான் யாழ்ப்பாணம், இரண்டு பக்கமும் ஏழு தலைமுறைக்கு வேறு கதை கிடையாது. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், அவ்வளவுதான். இவருடைய முழுப் பேர் ஜெயராஜ் கூப்பர். ஷார்ஜா தொழில்பேட்டையில் லொறிகளின் உதிரிப்பாகங்கள் விற்கிற கொம்பனியின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார். நான் சுகந்தி. ஒரு பல் வைத்தியசாலையில் வரவேற்பு மேசை. ஒரே மகன் நேதன் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, துபாயில் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிற கொம்பனியில் இஞ்சினியராக வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது.

சாப்பிட்டு முடிந்து, கடைக்காரர் இனாமாகக் கொடுத்த கேக்கை வெட்டினோம். கேக்கிலும் கூப்பர் என்று கிறீமில் எழுதியிருந்தார்கள். அந்தக் கேக்கைப் பார்த்தபடிதான் நேதன் சொன்னான். அவனுடைய பாஸ்போர்ட் முடியப் போகிறதாம். புதிது எடுக்கிறபோது பேரை மாற்றப் போகிறானாம். கூப்பரை எடுத்துவிட்டு, அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்துக்கு இருந்த உண்மையான தமிழ்ப் பேரைப் போடப் போகிறானாம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொன்னான்.

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, கேக்கில் 'கூ' இருந்த துண்டை எனக்குத் தள்ளிவிட்டுக் கேட்டார், "கோப்பி குடிப்பமா?"

2

பேர் விஷயத்தில் வளைகுடா மாதிரிச் சிக்கலான இடம் உலகத்தில் இருக்குமோ தெரியாது. இங்கே எல்லாக் கவுண்டரிலும் குடும்பப் பேர் கேட்பார்கள். தமிழனிடம் எங்கே இருக்கிறது குடும்பப் பேர்? அப்பாவின் பேரை முன்னால் ஓர் எழுத்தாகப் போட்டுக்கொண்டு காலம் தள்ளியவர்கள் நாங்கள். அந்த எழுத்தைப் பிடித்து இழுத்து, நீட்டி, அதற்குக் குடும்பப் பேர் என்று இங்கே முடிசூட்டிவிடுகிறார்கள்.

ஷார்ஜாவின் ரோலாப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற சாகுல் பாய் கீழக்கரைக்காரர். எங்களுக்கு இந்த ஊரில் முதலில் கிடைத்த மனிதர் அவர்தான். ரொட்டி மாவும் தேங்காய்ப்பூவும் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்பதில் தொடங்கி, நேதனுக்கு முதல் காய்ச்சல் வந்தபோது எந்த டொக்டரிடம் ஓட வேண்டும் என்பது வரை அவர் சொல்லித்தான் தெரியும். அவருக்குக் குடும்பப் பேர் அவருடைய வாப்பாவின் பேர். அவர் மகன்களுக்குக் குடும்பப் பேர் சாகுல். மனைவிக்குக் குடும்பப் பேர் மனைவியின் வாப்பாவுடைய பேர். ஒருமுறை குடும்பமாக ஊருக்குப் போய்த் திரும்பியபோது, இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம்தானா என்று விமான நிலையத்தில் நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறார்கள். சின்னவன் பசியில் அழுது, "வாப்பா" என்று கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டார்களாம்.

"உங்க பாடு தேவல கூப்பர் பாய்" என்பார் இவரிடம். "அப்பன், ஆத்தா, மகன், மூணு பேருக்கும் ஒரே பேரு. எங்க வீட்ல ஆளாளுக்குத் தனிக் குடும்பம்ல."

என் வைத்தியசாலைக் கதை வேறு. தொலைபேசியில் கூப்பர் என்று பேரைச் சொல்லி நேரம் கொடுப்பேன். மறுநாள் நேரில் வருகிற வெள்ளைக்காரர்கள் என்னிடமே வந்து, திருமதி கூப்பரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். நான்தான் என்றால் வாய் திறந்தபடி நிற்கும். பல் டொக்டருக்கு அது வசதி. ஒரு மூதாட்டி, உன் கணவர் இங்கிலாந்தில் எந்தப் பக்கம் என்று அன்பாகக் கேட்டார். வலிகாமம் என்றேன். அது வேல்ஸில் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல, நல்ல இடம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

கூட வேலை செய்கிற எகிப்துக்காரி ஹனாவுக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். அவர்கள் நாட்டில் பெண் யாரைக் கட்டினாலும் சாகும் வரை அவள் தன் தகப்பனின் மகள்தான், பேர் மாறாது. நீ எப்படி உன் அப்பாவின் பேரை விட்டுவிட்டு இந்தக் கூப்பரைப் போட்டுக்கொண்டாய், அப்பாவுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டாள். கோபம் வந்தது, ஆனால் காரணம் வேறு என்றேன். அரபியும் ஆங்கிலமும் கலந்த எங்கள் பாஷையில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. "கலாஸ்" என்று சிரித்து முடித்துக்கொண்டோம்.

உங்களுக்கு விளக்கலாம். எங்கள் வீடும் வேதக்கார வீடுதான். இவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சபை, ஒரே பாட்டுப் புத்தகம். ஆனால் கோயிலில் உட்காருகிற வாங்கு வேறு வேறு. யார் முன் வாங்கு, யார் பின் வாங்கு என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். கொழும்பில் ஒரே கந்தோரில் வேலை செய்தபோது எனக்கு இவரைப் பிடித்துப்போனது. கூப்பர் என்ற பேரை வைத்து இவர் எந்த ஆட்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால் என் அப்பா பேரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்டார். பிறகு ஊரில் எந்தக் குறிச்சி, குறிச்சிக்குள் எந்தச் சந்து, எந்த ஒழுங்கை என்று கேட்டார். ஒழுங்கையைச் சொன்னதும் கதை முடிந்துவிட்டது. கலியாணத்துக்கு எங்கள் பக்கத்தில் இருந்து வந்தது என் சின்னம்மா மட்டும்தான். நேதன் பிறந்த பிறகுதான் அப்பா தொலைபேசியில் பேசத் தொடங்கினார். கடைசிக் காலத்தில், "கூப்பர் வீட்டார் எப்பிடி இருக்கினம்?" என்று பகிடியாகக் கேட்கிற அளவுக்கு இளகியிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இங்கே ஒருவரும் ஒழுங்கை கேட்பதில்லை. எந்த நாடு, எவ்வளவு காலம், எந்தக் கொம்பனி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. தமிழ் ஆராதனையில் தூத்துக்குடிக்காரரும் மன்னார்க்காரரும் பதுளைக்காரரும், முதலில் வந்தவர் முதல் கதிரை என்று இருக்கிறோம். இந்த ஊரில் என் மனம் அமைதியாக இருப்பதற்கு ஏசியை விடவும் பெரிய காரணம் அதுதான்.

3

நேதன் விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, எங்களை சோபாவில் உட்காரவைத்து, டீவியில் படம் போட்டு விளக்கினான். வேலையிடத்தில் ஆட்களுக்கு விளக்குகிற மாதிரியே, கையில் ஒரு சின்னக் கோலையும் வைத்துக்கொண்டு நின்றான். நெஞ்சில் பெரிதாக 'அ' என்று போட்ட டீ-சேர்ட். அந்த 'அ'வுக்கு அடுத்த எழுத்துகளைத் தொடர்ந்து எழுதச் சொன்னால் 'ஈ'யில் மூச்சு வாங்குவான். அதை நான் அப்போது சொல்லவில்லை.

கூப்பர் என்றால் ஆங்கிலேயர் நாட்டில் பீப்பாய் செய்கிறவர். மரப்பலகைகளை நெருப்பில் காட்டி வளைத்து, இரும்பு வளையம் போட்டு இறுக்கி, ஒரு சொட்டு ஒழுகாமல் பீப்பாயும் தொட்டியும் வாளியும் செய்கிற தொழில். தகரமும் பிளாஸ்டிக்கும் இல்லாத காலத்தில் பீப்பாய் இல்லாமல் ஒன்றும் நடக்காது. வெண்ணெய், மா, உப்பு மீன், பியர், கப்பலில் குடிதண்ணீர், எல்லாம் அதில்தான். ஆகவே ஊருக்கு ஊர் ஒரு கூப்பர் இருந்திருக்கிறார். தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டது, தொழிலை விட்ட பிள்ளைகளுக்கும் பேராக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தடுக்கி விழுந்தால் ஒரு கூப்பர். சொல்லின் வேர் டச்சுக்காரர் பக்கம் போய், அங்கிருந்து லத்தீன் வரைக்கும் போகிறது என்று வரைபடமே காட்டினான். பிள்ளை நன்றாகத்தான் படித்திருக்கிறான்.

இவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பீப்பாய் ஒழுகாமல் இருக்கப் பலகைகளுக்கு இடையில் என்ன வைப்பார்கள் என்று கேட்டார். சில இடங்களில் நாணல் வைப்பார்களாம். அதைக் கேட்டு, களஞ்சியக்காரருக்கே உரிய திருப்தியோடு தலையாட்டினார்.

பிறகு நேதன் விஷயத்துக்கு வந்தான். பீப்பாய்க்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்குக் கடல் கடந்த நாட்டில் இருந்து யாரோ ஒரு துரையோ சீமாட்டியோ சாப்பாட்டுச் செலவுக்குக் காசு அனுப்புவார். அதற்குக் கைமாறாக அவருடைய பேரை அந்தப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். இவரின் அப்பப்பாவின் அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு கூப்பர் சீமாட்டியின் பேர் வந்தது. இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நேதன் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தான், அடிமைப் பேர் என்று. ஒரு வெள்ளைக்காரி சோறு போட்டு வாங்கிய பேரை நான் ஏன் சுமக்க வேண்டும், அதற்கு முன்னால் அவருக்கு ஒரு தமிழ்ப் பேர் இருந்திருக்கும், அதுதான் என் பேர் என்றான். கடைசிப் படத்தில் 'நேதன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வெறும் கோடு போட்டிருந்தான்.

கோலைக் கீழே வைத்துவிட்டு, தமிழில் கேட்டான். "அப்பா, அவர்ட பழைய பேர் என்ன?"

இவருக்கு அது தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, குபூஸ் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று போய்விட்டார். மேசையில் குபூஸ் இரண்டு பக்கெட் இருந்தது.

4

அடுத்த சில வாரங்கள் அப்படியே போயின. சண்டை இல்லை. எங்கள் வீட்டில் சண்டை வருவதே அருமை. இவர் வழக்கம்போல விடியப் புட்டவித்தார், சீட்டியடித்தார், துபாய் ரோட்டில் நெரிசல் எப்படி என்று மகனிடம் கேட்டார். அந்தப் பேரை மட்டும் சொல்லவில்லை. பேர் தெரியாவிட்டால் வேறொரு தமிழ்ப் பேரை நானே தேடிப் போட்டுக்கொள்கிறேன் என்று மகன் ஒருநாள் சொல்லிவிட்டான். அன்று இவர் சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் இருந்தார். இந்தக் குடும்பத்தில் கூப்பர் என்ற பேர் இவரோடு முடியப் போகிறது என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. நான் நடுவில் நின்று முழுசினேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எனக்கு அப்படி நிற்கப் பிடிக்கவே பிடிக்காது.

இவரிடம் தனியாகக் கேட்டேன். "இஞ்சாருங்கோ, அந்தப் பேரைச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

"நீர் கேக்காதையும்" என்றார். கோபமாக அல்ல, கெஞ்சுகிற மாதிரி.

அந்தக் குரலை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். நேதன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூட பஸ்ஸில் புத்தகப் பையை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றான். "பேயன், பேயன், தலையையும் பஸ்ஸில விட்டிட்டு வந்தனியோ?" என்று ஏசினேன். யாழ்ப்பாணத்துத் தாய் பிள்ளையைப் பேயன் என்று ஏசாமல் வளர்த்ததாக எங்கேயும் இல்லை. முட்டாள் என்று அர்த்தம், ஆனால் அதில் பாதி செல்லம். இவர் குளியலறையிலிருந்து ஈரத்தோடு வந்து, "சுகந்தி, அந்தச் சொல்லு இந்த வீட்டில வேண்டாம்" என்றார். பேய் பிசாசு என்ற பேச்சு ஜெபம் பண்ணுகிற வீட்டுக்கு ஆகாது என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். இவர் அவ்வளவு பக்திமான் இல்லையே என்றும் நினைத்தேன். அதற்குப் பிறகு மகனை மொக்கன், விசரன் என்று மாற்றி மாற்றி ஏசினேன். அதற்கெல்லாம் இவர் ஒன்றும் சொன்னதில்லை.

5

பிறகு இவருடைய கார் நின்றுபோனது. ஏசி போய், அதோடு இஞ்சினும் போய், கராஜில் கிடந்தது. ஒரு நாள் பின்னேரம் இவரைக் கூட்டிவர நேதன் போக வேண்டியிருந்தது. வரும் வழியில் சாகுல் பாய் கடையில் சாமான் எடுக்கலாம் என்று நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

நேதன் அதுவரை அப்பாவின் வேலையிடத்துக்குப் போனதே இல்லை. தொழில்பேட்டையின் தூசும் கிறீஸும் டயர் மணமும் துபாய்க் கண்ணாடிக் கட்டடப் பிள்ளைக்குப் புதிது. களஞ்சிய வாசலில் லொறிகள் வரிசையாக நின்றன. பெஷாவர்க்கார டிரைவர் ஒருவர், "கூப்பர் பாய், ஜல்தி" என்று கத்தினார். உள்ளேயிருந்து மலையாளி ஒருவர், "கூப்பர் சார்" என்றார். ஒரு சின்ன நேபாளி ஏணியில் நின்றபடி, "கூப்பர் பாய், மாஃபி" என்று சாமான் இல்லாத தட்டைக் காட்டினார். இவர் ஒவ்வொருவருக்கும் திரும்பி, அவரவர் பாஷையில் அரைகுறையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பேருக்குத் திரும்புகிறபோது இவருடைய முகம் எப்படியிருக்கும் என்று முன்னமே சொன்னேன். நேதன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொழில்பேட்டையை விட்டு வெளியே வருவதற்குள் நெரிசலில் மாட்டினோம். ஷார்ஜாவில் பின்னேர நெரிசலில் மாட்டினால் கலியாணமே பேசி முடிக்கலாம். முன்னால் ஒரு கொங்கிரீட் லொறி, பக்கத்தில் வேலையாட்களை ஏற்றிய கேம்ப் பஸ். இவர் முன் சீட்டில் இருந்து கொஞ்ச நேரம் அந்த பஸ்ஸைப் பார்த்தார். பிறகு தானாகவே தொடங்கினார்.

"பேர் வேணுமெண்டு நிண்டனி. சொல்லுறன். என்ரை அப்பப்பாவின்ரை தகப்பனுக்கு முதல் இருந்த பேர் பேயன்."

நேதனுக்கு விளங்கவில்லை. "அப்பிடியெண்டால்?"

"முட்டாள் எண்டு அர்த்தம். பட்டப்பேர் இல்லை. பேரே அதுதான்."

குளியலறையிலிருந்து இவர் ஈரத்தோடு வந்து நின்ற நாள் எனக்கு ஞாபகம் வந்தது. இவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். எங்கடை ஆக்கள் அந்தக் காலத்தில் பிள்ளைக்குத் தாங்களாகப் பேர் வைக்க முடியாது என்றார். ஆறுமுகம், கந்தையா, வள்ளியம்மை என்று மரியாதையான பேர் எதுவும் கூடாது. அவையெல்லாம் காணிக்காரர் வீட்டுப் பேர்கள். பிள்ளை பிறந்தால் தகப்பன் காணிக்காரரின் வாசல் படலையடியில் போய் நிற்க வேண்டும். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயில் வருகிற ஒரு சொல்லைச் சொல்லுவார். அதுதான் பேர். அந்தக் கிழமை அந்தக் காணிக்காரருக்கு என்ன கோபமோ, பேயன் என்று சொல்லியிருக்கிறார். ஊர் முழுக்க அப்படியே கூப்பிட்டது.

"பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில எடுத்தினம்" என்றார். "அங்கையும் வாங்கில இருக்க விடேல்லை, நிலத்திலதான் இருந்தவர். அதையும் சொல்ல வேணும். ஆனால் காலமை இடாப்புக் கூப்பிடேக்கை கூப்பர் எண்டுதான் கூப்பிட்டினம். வாங்கில இருந்த பிள்ளையளும் அப்பிடித்தான் கூப்பிட வேண்டி வந்தது. ஊர் ஆக்கள் வந்து ஒழுங்கையில நிண்டு 'பேயா' எண்டால், மனிசன் வீட்டுக்குள்ளையே இருப்பாராம், அசையமாட்டாராம். அதுக்கு அடியும் வாங்கினவர். கூப்பர் எண்டு கூப்பிட்டால்தான் வெளியால வருவாராம். கடைசி வரைக்கும் அப்பிடித்தான்."

கொங்கிரீட் லொறி கொஞ்சம் நகர்ந்தது. நேதன் நகர்த்தவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"ஆரோ காசு குடுத்துத்தான் அந்தப் பேர் வந்தது. நீ சொன்னது சரி" என்றார் இவர். "அடிமைப் பேர் எது எண்டதிலதான் நீ மாறி விளங்கிப்போட்டாய்."

நேதன் காரை நகர்த்தினான். பிறகு, தனக்குத் தெரிந்த தமிழில், அடுக்கி அடுக்கிக் கேட்டான். "அவர்ட அம்மா? வீட்டுக்குள்ள, அவ அவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவ?"

இவர் அதை எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு காலமும் அப்படி ஒரு கேள்வி இவருக்கே தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

"தெரியாது மோனை" என்றார். "அதை ஆரும் கேட்டு வைக்கேல்லை."

நான் பின் சீட்டில் அழுதுகொண்டிருந்தேன். அதற்கு இரண்டு காரணம். ஒன்று உங்களுக்குத் தெரியும். மற்றது, படலையடியில் நின்று பேர் கேட்ட அந்தத் தகப்பனின் கதையில், படலைக்கு உள்ளே இருந்தது என் ஆட்கள். அதே காணிக்காரர் இல்லை, ஆனால் அந்த மாதிரி வீடுதான் எங்கள் வீடும். இத்தனை வருஷமும் இவர் எனக்குச் சொல்லாமல் இருந்தது அதனால்தான். "எனக்கேன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

இவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உமக்குச் சொல்லி என்ன செய்ய? நீரே அந்தப் பேரை வைச்சனீர்? நீர் உம்மடை பேரை விட்டிட்டு எங்கடை பேரை எடுத்தனீர். எங்கடை ஆக்களுக்கு ஆர் அப்பிடிச் செய்தது?"

சாகுல் பாய் கடையில் இறங்கியபோது என் கண்ணைப் பார்த்துவிட்டு, என்ன தங்கச்சி, ஊர்ல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா என்று பதறிப்போய்க் கேட்டார் அவர். ஒன்றும் இல்லை, நெரிசல் என்றேன். ஷார்ஜா நெரிசலில் அழுகிறவர்கள் உண்டு என்பதால் நம்பிவிட்டார்.

6

நேதன் அதன் பிறகு பேர் மாற்றுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாற்றவில்லை என்றும் சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான், முடிவை நமக்கு அறிவித்துவிட்டு, முடிவை மாற்றினால் அறிவிக்கமாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை. 'அ' போட்ட டீ-சேர்ட்டோடு வெள்ளிக்கிழமை தமிழ் ஆராதனைக்கு எங்களோடு வந்தான். பாட்டுப் புத்தகத்தில் விரலை வைத்து, கொஞ்சம் பின்தங்கியபடி வாசித்தான். பாட்டு முடிந்த பிறகும் அவனுடைய விரல் இரண்டாவது அடியில்தான் நின்றது.

பாஸ்போர்ட்டுக்கு, துபாயில் இருக்கிற எங்கள் நாட்டு அலுவலகத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். எனக்கும் இவருக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை. லீவு போட்டுவிட்டுப் போனோம். நேதன் தானே எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். என்ன எழுதினான் என்று பார்க்க எனக்கு மனம் அடித்துக்கொண்டது. இவர் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்தார். பக்கம் புரளவில்லை.

இலக்கம் காட்டுகிற மெஷின் அன்றைக்குப் பழுதாகியிருந்தது. ஆகவே கவுண்டரில் இருந்த சிங்களப் பெடியன் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிப் பேர்களைக் கூப்பிட்டான். பெரேரா போனார், சிவலிங்கம் போனார், பாத்திமா போனார். அடுத்த பேப்பரைப் பார்த்து அவன் கொஞ்சம் நின்றான்.

"கூப்பர்" என்றான். மண்டபம் முழுக்கக் கண்ணை ஓடவிட்டான். வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், தோட்டக்காரர், டிரைவர்மார், எல்லோரும் எங்கள் நாட்டு முகங்கள். அவன் எங்கள் தலைகளுக்கு மேலால் வாசலைப் பார்த்தான்.

இவர் பழக்கத்தில் பாதி எழும்பிவிட்டார். கையும் பாதி உயர்ந்துவிட்டது. அதற்கு முன் நேதன் எழும்பி நின்றான். கழுத்தைச் சட்டைக்குள் இழுக்கவில்லை. நேரே கவுண்டருக்கு நடந்து போனான். இவர் பாதி எழும்பியபடியே, உட்கார மறந்துபோய் நின்றார்.

அந்தப் பெடியன் நேதனையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டான், இது எந்த ஊர்ப் பேர் என்று.

நேதன் ஆங்கிலத்தில் பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கிற மாதிரி, "யாழ்ப்பாணத்துப் பேர்" என்றான்.